ஆறு பத்துக்குக் கேட்ட குரல்

காலை ஏழு இருபத்தைந்து. ஷா ஆலம் நீதிமன்ற வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. பழைய சாம்பல் நிறக் காரின் கதவு திறந்திருந்தது. சப்பாத்துகள் தார்த்தரையில் ஊன்றியிருந்தன. அவற்றுக்கு உரியவர் ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் பளபளத்த சப்பாத்து முனையில் எதிரே நின்ற விளக்குக் கம்பம் தெரிந்தது.

"வந்துட்டீங்களா ரிப்போர்ட்டரம்மா?"

தலையசைத்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"வந்துட்டேன் சார்ஜன்."

"ம். அது."

அன்று அவர் ஒரு மரண விசாரணையில் சாட்சி சொல்ல வந்திருந்தார். கிள்ளானில் ஒரு காவல் நிலைய லோக்காப்பில் இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவன் இறந்து போயிருந்தான். அவன் உயிரோடும் நலமாகவும் இருந்தான் என்று சொல்லும் கடைசி வரி இவருடைய கையெழுத்தில் இருந்தது. லோக்காப் டைரியில், காலை 6.10 என்ற நேரத்துக்கு எதிரே, மலாயில் ஒரே வரி: பெயர் கூப்பிடப்பட்டது, பதினேழு பேரும் இருக்கிறார்கள், எல்லோரும் நலம். 7.40க்குப் பசியாற ரொட்டி கொடுக்கப் போனபோது அவன் எழுந்திருக்கவில்லை. இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் இருந்த தொண்ணூறு நிமிடம்தான் வழக்கு.

அந்த வரி உண்மையா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். பதினோரு நாளுக்கு முன் அதைப் பற்றி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். நான் அதை எழுதவில்லை.

*

அவரை எல்லோரும் சார்ஜன் என்றுதான் கூப்பிட்டார்கள். நிலையத்தில் வேறு சார்ஜன்களும் உண்டு. அவர்களுக்குப் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நான் ஒரு தமிழ் நாளிதழுக்குக் கிள்ளான் வட்டாரக் குற்றச் செய்திகள் எடுத்த காலத்தில், வாரத்தில் மூன்று நாளாவது அந்த நிலையத்தின் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பேன். லோக்காப்புக்குப் போகும் நடைபாதை அந்தக் கூடத்துக்குப் பின்னால்தான் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்கும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் காவலில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். உள்ளே இருப்பவன் "அடா" என்பான். மலாயில், இருக்கிறேன் என்று அர்த்தம். மற்ற காவலர்கள் இதை வேகமாக முடித்துவிடுவார்கள். யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவன் அவனுக்கும் சேர்த்து ஒரு "அடா" போட்டுவிடுவான். அது லோக்காப்புக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை. காவலர்களுக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார்கள்.

இவர் கண்டுகொள்வார். பெயருக்கு உரியவனே பேச வேண்டும். தூங்கினால் எழுப்புவார். எழுந்தவன் கையைத் தூக்கினால் போதாது, தலையாட்டினால் போதாது.

"மண்ட ஆட்டுறது பொம்மையும் ஆட்டும். எனக்குச் சத்தம் வேணும்."

ஒருநாள் நான் முன்கூடத்தில் இருந்தபோது உள்ளேயிருந்து ஒருவன் எரிச்சலோடு கத்தினான்: "செத்துட்டேன் சார்ஜன்!"

"நல்லது. செத்தவன் நல்லாவே பேசறான். எழுதிக்கிறேன்."

அறைகளில் சிரிப்பு எழுந்தது. அவர் வெளியே வந்து டைரியைத் திறந்து, நின்றுகொண்டே எழுதினார். எழுதும்போது நாக்கு நுனி உதட்டோரம் தெரியும். நேரத்தை முதலில் எழுதுவார். பிறகு கைக்கடிகாரத்தை மறுபடி பார்ப்பார். எழுதிய நேரமும் கடிகார நேரமும் ஒன்றாக இருந்தால்தான் மீதி வரி.

இந்தப் பழக்கம் சீருடையோடு கழன்று விழவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தோசை சுடுபவரிடம் ரெண்டு தோசை என்பார். தோசைக்காரர் கரண்டியைத் தூக்கிக் காட்டினால் இவர் நகர மாட்டார்.

"கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு சார்ஜன், கேட்டுச்சு! போயி உக்காருங்க லா. தோசைக்குமா ரோல்கால்?"

வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை சமையலறையை நோக்கிக் குரல் கொடுத்தார். பெயர் சொல்லவில்லை, வெறும் "ஏய்" மட்டும். அவர் மனைவி வெங்காயம் நறுக்கியபடியே "இருக்கேன், இருக்கேன்" என்றார். என்னிடம் தேநீர் வைக்கும்போது சொன்னார்: "முப்பது வருஷமா நானும் லோக்காப்புலதாம்மா இருக்கேன். ஓடிப்போவ நேரமே குடுக்க மாட்றாரு."

சார்ஜன் சிரிக்கவில்லை. பதில் கிடைத்ததில் திருப்திப்பட்டவர்போல் பேச்சைத் தொடர்ந்தார்.

ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதாவது நடந்ததா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று. பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் கேட்போம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும் என்று நம்புவோம்.

"ஒண்ணும் நடக்கல. கண்ணால பாத்தா போர்வதான் தெரியும். போர்வைக்குள்ள ஆளு இருக்கானான்னு எப்படித் தெரியும்? பேசினாத் தெரியும். அவ்ளோதான்."

*

அவர் ஓய்வு பெற்று ஓராண்டுக்கு மேல் ஆனபின், நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வரவிருந்த நேரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போலீசுக்கு இன்னும் பணம் கொடுப்பதா, முதலில் திருத்துவதா, போலீஸ் என்ற ஏற்பாட்டையே கலைத்துவிட்டு வேறு யோசிப்பதா என்பதுதான் பேச்சு. நூற்றைம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முக்கால்வாசி நிறைந்தது.

முதலில் பேசியவர் ஒரு பூக்கடைக்கார அம்மா. அவர் கழுத்துச் சங்கிலியை ஆறு மாதத்தில் இரண்டு முறை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். "என்னமோ திருத்தணும் திருத்தணும்னு சொல்றீங்க. மொதல்ல ஆளப் போடுங்க. எங்க ரோட்டுல ஒரு போலீஸ் சாவடி கட்டுங்க. நான் வெள்ளிக்கிழம வியாபாரம் பாக்கணுமா, கழுத்தப் புடிச்சிகிட்டே நிக்கணுமா?" பலமான கைதட்டல்.

அடுத்து ஒரு இளம் வழக்கறிஞர். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண். தாத்தா, அப்பா இருவரும் அரசாங்க ஊழியர்கள். அரசாங்கம் எப்படி எழுதும், எப்படி மறைக்கும் என்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றது என்று சொல்லித் தொடங்கினார். காவலில் ஒருவர் இறந்தால் அதை அதே துறை விசாரிக்கக் கூடாது, அதிகாரம் உள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும், அது வரும்வரை ஒரு சென் காசும் கூடுதலாகத் தரக் கூடாது என்றார். பின்வரிசையில் ஒரு பல்கலைக்கழக மாணவர் எழுந்து, ஆணையமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம், கலைத்துவிட்டு அந்தப் பணத்தை வீடு, மருத்துவம், வேலை என்று போடுங்கள் என்றார்.

"கலச்சிட்டா என் சங்கிலிய யாரு தேடுவா தம்பி? நீ வந்து தேடுறியா?" என்றார் பூக்கடை அம்மா.

"இப்ப யாரு ஆன்டி தேடுறா? கெடச்சுதா?"

மண்டபம் சிரித்தது. பூக்கடை அம்மாவும் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து சார்ஜன் எழுந்தார். அவர் வந்திருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒலிவாங்கியை வாங்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"நான் ரிட்டையர் ஆன போலீஸ்காரன். லோக்காப்புலதான் ரொம்ப வருஷம். பணம் குடுங்க, குடுக்காதீங்க, அது மேல இருக்கறவங்க பேசிக்கட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான். லோக்காப்புல ஷிப்டுக்கு ரெண்டாவது ஆளு வேணும். ஒரு ஆளு போதாது. அந்த ரெண்டாவது ஆள எப்பவும் வேற வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுறாங்க."

வழக்கறிஞர் மேடையிலிருந்து சொன்னார்: "ரெண்டாவது ஆள் வந்தா, அவரும் சேர்ந்து 'எல்லாரும் நலம்'னு எழுதுவாரு அங்கிள்."

மறுபடி சிரிப்பு. சார்ஜனின் முகம் மாறியது.

"மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. குரல் கேக்காம நான் எழுதினதில்ல."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கூட்டம் முடிந்து நேரே ஷிப்டுக்குப் போக வேண்டும் என்பதால் தொழிற்சாலைச் சட்டையிலேயே வந்திருந்தார். இறந்த இளைஞனின் தாய். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நகல் தாள் இருந்தது. வழக்கறிஞர் அவருக்கு வாங்கிக் கொடுத்த டைரிப் பக்கம்.

"அண்ணே, உங்க போலீஸ் நம்பர் என்னா?"

அவர் எண்ணைச் சொன்னார். தெளிவாக, ஒவ்வொரு இலக்கமாக, மலாயில், வருகைப் பதிவில் சொல்வதுபோல. சொல்லி முடிக்கும் முன்பே என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையில் ஒரு தடங்கல் இருந்தது.

அந்தத் தாய் தாளைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை ஒரு வரியின் ஓரத்தில் இருந்த எண்ணின் மேல் வைத்தார்.

"அப்ப இது நீங்க எழுதினதுதான். ஆறு பத்துக்கு என் மவன் பேசினானா?"

சார்ஜன் தலையசைத்தார். மேலும் கீழுமாக, ஒரு முறை.

நான் அவரை அறிந்த காலத்தில் ஒரு கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணே," என்றார் அந்தத் தாய்.

அவர் நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து வெளியே போய்விட்டார்.

*

மோனோரயில் தூணுக்கு எதிரே, மாமாக் கடை என்று சொல்லும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். முன்னால் பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்று குடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் சொன்னார்:

"இது பேப்பருக்கு இல்ல."

"சரி."

"பேனாவப் பையில போடுங்க."

போட்டேன். பிறகு சொன்னார். வரிசையாக, நேரம் சொல்லி, அறிக்கை கொடுப்பதுபோல. அன்று அவருடைய ஷிப்ட் முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை. யாரோ பெரிய மனிதருக்குப் பாதுகாப்புப் போட ஆட்களை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஷிப்டையும் அவரே பார்த்தார். தனியாக. நான்காம் எண் அறையில் இரண்டு பேர். ஒருவன் லோரி ஓட்டுநர். இன்னொருவன் இந்த இளைஞன். மாலையிலிருந்தே வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவர் பொறுப்பு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இருந்த வலி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார். அவன் முனகிக்கொண்டே இருந்தான். விடியும் நேரத்தில் முனகல் நின்றது.

"ஆறு பத்துக்குப் பேரு கூப்பிட்டேன். நாலாம் நம்பர்ல லோரிக்காரன் 'அடா'ன்னான். தொண்டை கட்டின குரல். அப்புறம் இவன் பேரக் கூப்பிட்டேன். அதே தொண்டை கட்டின குரல். 'அடா'."

அவர் கோப்பிக் கோப்பையைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தார்.

"கேட்ட ஒடனே தெரிஞ்சிச்சு ரிப்போர்ட்டரம்மா. யோசிச்சுத் தெரிஞ்சிக்கல."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"ராத்திரியெல்லாம் வலியில துடிச்சவன். இப்பதான் கண்ணசந்தான்னு நெனச்சேன். எழுப்ப வேணாம், ஒரு மணி நேரமாச்சும் தூங்கட்டும்னு..." நிறுத்தினார். "முப்பது வருஷத்துல ஒருத்தன எழுப்பாம விட்டேன்."

கண்ணாடிக் குவளைகளைக் கழுவும் சத்தம் பின்னால் கேட்டது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"கோர்ட்டுல என்ன சொல்லப் போறீங்க?"

"விசாரணை அதிகாரிகிட்ட ஏற்கனவே ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டேன். எல்லாரும் பதில் சொன்னாங்கன்னு. கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்தினா பொய் ஸ்டேட்மெண்ட், பொய் ரெக்கார்ட். ரெண்டுக்கும் கேஸ் இருக்கு. பென்ஷனுக்கு என்ன ஆவும்னு தெரியாது." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "லோரிக்காரன் வெளிய போயிட்டான். சம்மன் திரும்பி வந்துருச்சு. கேமரா இருக்கு. ஆனா அது நடைபாதையத்தான் பாக்குது. நான் ஒவ்வொரு அறைக்கு முன்னால நின்னது நல்லாத் தெரியுது. சத்தம் பதிவாகாது."

அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததுதான். கண்ணுக்குத் தெரிவது போதாது. ஆனால் இப்போது அவரைக் காப்பாற்றக் கூடியது அது ஒன்றுதான்.

"எழுப்பியிருந்தா?" என்று கேட்டேன்.

"எழுந்திரிச்சிருக்க மாட்டான். அது எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருப்பேன். பொழச்சிருப்பானா மாட்டானா, டாக்டர்தான் சொல்லணும்."

*

அந்தப் பதினோரு நாளில் இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன.

ஒன்று அந்தத் தாயிடமிருந்து. என் எண்ணை வழக்கறிஞரிடம் வாங்கியிருந்தார். தொழிற்சாலை இடைவேளையில் பேசினார். பின்னால் இயந்திரச் சத்தம் இருந்தது. "நீங்க அவரு பின்னாலயே போனீங்களாம். என்னாம்மா சொன்னாரு?" வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் சார்ஜன் பேசினார் என்று மட்டும் சொன்னேன், என்ன பேசினார் என்பதைச் சொல்லவில்லை. "அப்ப ஏதோ இருக்கு," என்றார் அவர். "எனக்கு யாரையும் ஜெயில்ல போடணும்னு இல்லம்மா. ஆறு பத்துக்கு நல்லா இருந்தான், திடீர்னு போயிட்டான், யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. அது நெசம்னா நான் அழுதுட்டு வேலையப் பாப்பேன். நெசமான்னு மட்டும் தெரியணும்." மணி அடித்தது. வைத்துவிட்டார்.

இன்னொன்று சார்ஜனின் மனைவியிடமிருந்து.

"அவருக்கு என்னா ஆச்சும்மா? கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து என்னெக் கூப்பிடவே மாட்றாரு. சோறு வேணுமான்னு கேட்டா மண்டைய ஆட்டுறாரு. நேத்து நானே அடுப்படியிலேருந்து 'இருக்கேன்'னு சொன்னேன். திரும்பிக்கூட பாக்கல." குரலைத் தாழ்த்தினார். "அந்த இன்ஸ்பெக்டர் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. 'எழுதினது எழுதினதுதான் சார்ஜன், புதுசா எதுவும் யோசிக்காதீங்க'ன்னு. ஸ்பீக்கர்ல கேட்டேன். இவரு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

*

நீதிமன்றத்தில் சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை வெளியே இருக்க வேண்டும். நடையில் நீளமான இரும்பு நாற்காலி வரிசை ஒன்றுதான். சார்ஜன் ஒரு கோடியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தான் கையெழுத்திட்ட வாக்குமூலத்தின் நகல். ஒன்பது மணிக்கு அந்தத் தாய் வந்தார். உள்ளே இடமிருந்தும் உள்ளே போகவில்லை. வரிசையின் மறு கோடியில் உட்கார்ந்தார். நடுவில் ஏழு நாற்காலிகள் காலியாக இருந்தன. இரண்டு மணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்று ஐந்துக்கு நீதிமன்ற ஊழியர் கதவைத் திறந்து சார்ஜனின் முழுப் பெயரைக் கூப்பிட்டார்.

"அடா!"

நடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். முன்கூடத்தில் பல ஆண்டுகள் கேட்ட அதே உரத்த குரல். ஊழியர் ஒரு அடி பின்வாங்கினார். அந்தத் தாய் எழுந்து அவருக்குப் பின்னாலேயே உள்ளே போனார்.

முதலில் விசாரணையை நடத்தும் அரசுத் தரப்பு அதிகாரி கேட்டார். டைரி காட்டப்பட்டது. கையெழுத்து உங்களுடையதா? ஆம். பெயர் கூப்பிட்டீர்களா? ஆம். பதினேழு பெயர்களுக்கும் பதில் வந்ததா? ஆம். எல்லாமே உண்மை. கேமரா பதிவு திரையில் ஓடியது. சத்தமில்லாமல் அவர் நடைபாதையில் நடந்தார். ஒவ்வொரு கம்பிக் கதவுக்கு முன்னும் நின்றார். நான்காவது கதவுக்கு முன் மற்ற கதவுகளைவிடச் சற்று அதிக நேரம் நின்றார். அதிகாரி அதைச் சுட்டிக்காட்டி, சாட்சி தன் கடமையைக் கவனமாகச் செய்தார் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். உட்கார்ந்தார்.

குடும்பத்தின் வழக்கறிஞர் எழுந்தார். பிரிக்பீல்ட்ஸ் மேடையில் பேசிய அதே பெண். அங்கே இருந்த வேகம் இங்கே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"நான்காம் எண் அறையில், இறந்தவரின் பெயரைக் கூப்பிட்டபோது, இறந்தவரின் குரலைக் கேட்டீர்களா?"

சார்ஜனின் தலை அசைந்தது. ஆம் என்பதா இல்லை என்பதா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

மரண விசாரணை நீதிபதி தாளிலிருந்து நிமிர்ந்தார். "சாட்சி வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு ஆகிறது. தலையசைப்பு பதிவாகாது."

சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேட்கவில்லை," என்றார் சார்ஜன்.

வழக்கறிஞர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்த கேள்விகள் வேறொரு பதிலுக்காக எழுதப்பட்டவை. அவர் அதைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"அப்படியென்றால் பதில் சொன்னது யார்?"

அரசுத் தரப்பு அதிகாரி எழுந்து, சாட்சி தன் முந்தைய வாக்குமூலத்துக்கு முரணாகப் பேசுகிறார் என்றார். நீதிபதி சார்ஜனிடம், தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் துவான்."

சொன்னார். மாமாக் கடையில் என்னிடம் சொன்ன அதே வரிசையில், அதே நேரங்களோடு. மாற்று ஆள் வராதது, வயிற்று வலி, இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்த நேரம், கிடைத்த பதில், மாத்திரை, முனகல் நின்றது, இரண்டு பெயருக்கும் ஒரே குரல். அது யாருடைய குரல் என்று அப்போதே தெரியும் என்றார். தெரிந்தே எழுதியதாகச் சொன்னார். சட்டைப்பையிலிருந்த தாளை ஒருமுறையும் எடுக்கவில்லை. இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

நடையில் அந்தத் தாய் அவருக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கறிஞர் தாயின் தோளைத் தொட்டார்; அவர் நகரவில்லை. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"அப்ப எத்தன மணிக்குண்ணே என் மவன் போனான்?"

"தெரியாதும்மா."

"ஆறு பத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"தெரியாது. நான் எழுப்பியிருக்கணும்."

அந்தத் தாய் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சார்ஜனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தாய் பிளாஸ்டிக் உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"ஆமா," என்றார் அவர். சத்தமாக.

*

அன்று மாலை நான் செய்தியை எழுதினேன். அவர் சொன்னது இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. மற்ற நாளிதழ்களிலும் வந்தது.

நீதிபதி சில மாதங்கள் கழித்து, இறப்பு நேர்ந்த சரியான நேரத்தை நிறுவ முடியவில்லை என்றும், மருத்துவ உதவி தாமதமானது என்றும் தீர்ப்பில் எழுதினார். வரவு செலவுத் திட்டத்தில் லோக்காப்புகளுக்குக் கூடுதல் கேமரா வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். பூக்கடை அம்மாவின் சாலையில் போலீஸ் சாவடி வந்தது. ஆணையம் பற்றிய பேச்சு தொடர்கிறது.

சார்ஜன் மீது பொய்ப் பதிவு செய்ததாக விசாரணை தொடங்கினார்கள். அது முடியும் முன்பே அவரும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு, சாலாக் செலாத்தானில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன், காலைச் சந்தையில், மனைவியோடு. மனைவி மீன் கடையில் நின்றிருந்தார். இவர் பத்தடி தள்ளி, பையைப் பிடித்துக்கொண்டு. கூட்டம் நடுவில் மறைத்தது.

"ஏய்," என்றார்.

"இருக்கேன்," என்றார் மனைவி, மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்தத் தாய் இறப்புச் சான்றிதழைத் திருத்தச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தார். அதில் இறந்த நேரம் என்ற இடத்தில் இன்னும் காலை 7.40 என்றுதான் இருக்கிறது.